படமும் படக்குறிப்பும்

செய்தித்தாளைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது படம்; பார்த்த உடனே மறந்துவிடுவது அப்படத்தை எடுத்தவர் பெயர். பாட்டைக் கேட்டால் பாடியவர் யார் என்று வினவுகிறோம். கட்டுரையைப் படித்தால் எழுதியவர் யார் என்று தேடுகிறோம். நாள்தோறும் காலையில் நம் கண்ணைக் கவரும் படத்துக்கு மட்டும் ஆசிரியரே இல்லாததுபோல் நடந்துகொள்கிறோம். இக்குறையை ஓரளவேனும் போக்கும் எண்ணத்துடன், நாம் கல்வி பயிலும் இப்பெங்களூரில் இருந்து பத்திரிகைகளுக்காகப் படம் எடுத்த கலைஞர் சிலரைப் பற்றி மாணவ நண்பர்களுக்கு எழுத முற்படுகிறேன்.

நான் ஜோகுபாளையத்துக்காரன். அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்த பழைய பகுதி எங்களுடையது. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த பிறகு, படையை நம்பியும் பணியை நம்பியும் வந்த தமிழ் மக்கள் இப்பக்கமெல்லாம் குடியேறினர். எங்கள் தெருவிலிருந்து மகாத்மா காந்தி சாலைக்கு நடந்தே போய்விடலாம். நாளேட்டின் அலுவலகம் அச்சாலையில்தான் இருக்கிறது. அச்சகம் அருகில் இருந்தும் நாங்கள் அச்சில் ஏறியது அரிது. ஏறியபோதும் பெயரின்றியே ஏறினோம். இக்கட்டுரைக்கும் அந்தப் பெயரின்மைக்கும் தொடர்பு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பத்திரிகை நிழற்படம் என்பது யாது? திருமண வீட்டில் எடுக்கும் படத்துக்குப் பணம் தருபவர் படத்தில் இருப்பவர். விளம்பரப் படத்துக்குப் பணம் தருபவர் பொருளை விற்பவர். பத்திரிகைப் படத்துக்கோ, படத்தில் இருப்பவர் பணம் தருவதில்லை. பெரும்பாலும் அவரை யாரும் கேட்பதுமில்லை. அவரை முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானவர் பார்ப்பதற்காகவே அது எடுக்கப்படுகிறது. ஆகவே அது தனித்து நிற்க இயலாத படம். எங்கே, எப்போது, யார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை சொல்லும் ஒரு வரி அதன் கீழே இருத்தல் வேண்டும். அவ்வரி இல்லையேல் எவ்வளவு அழகிய படமாயினும் செய்தி ஆகாது.

நிழற்படத்தை அப்படியே தாளில் அச்சிடும் வழி நெடுங்காலம் இல்லை. ஓவியர் ஒருவர் படத்தைப் பார்த்து வரைவார். அதை மரத்தில் செதுக்கி அச்சிடுவார்கள். படத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறையில் நியூயார்க் நகரத்து டெய்லி கிராபிக் என்னும் இதழ் 1880 மார்ச் 4ஆம் நாள் ஒரு படத்தை வெளியிட்டது. நம் நாட்டு அச்சகங்களில் நெடுநாள் வழங்கிய 'பிளாக்' இம்முறையில் செய்ததே. பழைய நாளேட்டுப் படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் இன்றும் தெரியும். ஒருமுறை பார்த்தவர் பிறகு சும்மா இருக்கமாட்டார். வீட்டிலுள்ள தாளையெல்லாம் எடுத்துப் பார்ப்பார்!

பெங்களூரின் கதைக்கு வருவோம். டெக்கான் ஹெரால்டு நாளேடு 1948இல் இங்கே தொடங்கப்பட்டது. அதன் தொடக்க நாள்களிலேயே நிழற்படக்காரராக அதில் பணியாற்றியவர் டி. எஸ். சத்யன். 1923 டிசம்பர் 18ஆம் நாள் மைசூரில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் பயின்றவர். பிறகு பம்பாயின் இல்லஸ்டிரேட்டட் வீக்லிக்குச் சென்றார். அதையும் விட்டு, எந்த நிறுவனத்தின் மாதச் சம்பளத்தையும் நம்பாமல், தம் காமிராவை மட்டும் நம்பி வாழ முற்பட்டார். அக்காலத்தில் அது துணிவான செயல். பிலிம் சுருளுக்கும் மருந்துக்கும் தாளுக்கும் கைப்பணம் போட்டு, படத்தை உறையில் இட்டு அஞ்சலில் அனுப்பிவிட்டு, வருமோ வராதோ என்று காத்திருக்கும் வாழ்க்கை அது. லைப், டைம், நியூஸ்வீக் போன்ற அயல்நாட்டு இதழ்களும் அவர் படங்களை வெளியிட்டன.

சத்யன் தலைவர்களையும் எடுத்தார். ஆயினும் அவர் நிலைத்து நிற்பது அப்படங்களால் அன்று என்பதே என் கருத்து. தெருவில் விளையாடும் சிறுவர், வண்டிக்காரர், பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளை, திண்ணையில் கண்ணயர்ந்த முதியவர், இவர்களை அவர் எடுத்த விதம் வேறு. இரக்கத்தைத் தூண்டுவதற்காக ஏழையை எடுப்பது எளிது. இன்றும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். சத்யன் படங்களில் ஏழையின் முகத்தில் ஏழைமை மட்டும் இராது. குறும்பு இருக்கும், களைப்பு இருக்கும், சில வேளை செருக்கும் இருக்கும். அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாகிய 1979இல் அவர் எடுத்த குழந்தைகளின் படங்கள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் வாழ்க்கை நினைவுகளை 2005இல் 'அலைவ் அண்ட் கிளிக்கிங்' என்னும் நூலாக வெளியிட்டார். 2009 டிசம்பர் 13ஆம் நாள் மைசூரில் காலமானார். அவர் தம்பி டி. எஸ். நாகராஜனும் தேர்ந்த நிழற்படக் கலைஞரே. நாட்டின் பல பகுதிகளில் மறைந்துவரும் பழைய வீடுகளின் உட்புறத்தைத் தேடித்தேடிப் படம் எடுத்தவர் அவர். அண்ணன் தெருவில் நின்றார். தம்பி வீட்டுக்குள் போனார் எனலாம்.

நம்மவர் ஒருவரையும் இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1932இல் தஞ்சாவூரில் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 2017இல் இங்கேயே மறைந்த டி. என். ஏ. பெருமாள் காட்டுயிர்ப் படங்களால் உலகப் புகழ் பெற்றவர். அவரைப் பத்திரிகைப் படக்காரர் என்று சொல்லுதல் முற்றும் பொருந்தாது. எனினும் பறவைக்காக மணிக்கணக்காய் அசையாது காத்திருக்கும் அந்தப் பொறுமை, மனிதரைப் படம் எடுக்க வருவோர்க்கும் வேண்டும் என்பதால் குறிப்பிட்டேன்.

இக்காலத்தவர் பலர். மகேஷ் பட் படங்களும் அனிதா பிரதாப் எழுத்தும் சேர்ந்த 'அன்சங்' என்னும் நூல், ஊருக்கு உழைத்தும் பெயர் பெறாதவர்களைப் பற்றியது. கிளேர் ஆர்னி, நகரத்தில் மறைந்துவரும் தொழில்களைப் படமாக்கியவர். காப் ஷிவா என்று அறியப்படுபவர் காவல்துறையில் பணிபுரிந்துகொண்டே படம் எடுத்தவர். உடலெங்கும் வெள்ளிநிறம் பூசிக் காந்தியடிகளைப் போல் ஊர்ஊராய்ச் செல்லும் மனிதர் ஒருவரைப் பின்தொடர்ந்து அவர் எடுத்த படங்கள் பெயர் பெற்றவை. செல்வபிரகாஷ் லட்சுமணன், போருக்குப் பின் ஈழத்தமிழரின் அன்றாட வாழ்வைப் படமாக்கியவர். ஒவ்வொருவரைப் பற்றியும் தனிக்கட்டுரை எழுதலாம். இவர்கள் அனைவரும் கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுத்து அதற்கு உரியவரைக் காட்ட முயல்பவர்கள். சத்யன் தொடங்கிவைத்த வழியாகவே எனக்கு இது தோன்றுகிறது.

முகத்துக்குப் பெயர் இல்லையென்றால் என்ன கெட்டுவிடும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னேன். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோ என்னும் இடத்தில், வேலை தேடி அலைந்த ஏழைத் தாய் ஒருத்தியை டொரோதியா லாங்கே படம் எடுத்தார். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அப்படம் நாளேட்டில் வெளிவந்தது. பட்டினி கிடந்த அம்முகாமுக்கு அரசு உணவும் அனுப்பியது. பிற்பாடு உலகத்தில் மிகுதியாக அச்சிடப்பட்ட படங்களுள் ஒன்றாக அது ஆயிற்று. அத்தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளிப்பட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவள் முகத்தை உலகம் அறிந்தது, அவளை அறியவில்லை. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனம் கசந்து கூறினார். படம் நன்மை செய்தது என்பதும் உண்மை. அவர் கசப்பும் உண்மை.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று. அல்சூர் ஏரியருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நிறுவிய திருவள்ளுவர் சிலை 1991இல் திறக்கப்பட இருந்தது. எதிர்ப்பு எழவே நின்றுபோயிற்று. பதினெட்டு ஆண்டுகள் மூடியபடியே இருந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள், கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா உடனிருக்கத் தமிழக முதலமைச்சர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மூடிக் கிடந்த அச்சிலையின் படம் ஒன்றை வெளியூர் நண்பரிடம் குறிப்பின்றிக் காட்டுங்கள். ஏதோ ஒரு மூட்டை என்பார். 'திருவள்ளுவர் சிலை, அல்சூர்' என்று மட்டும் எழுதுங்கள். பழுது பார்க்கிறார்கள் போலும் என்பார். '1991 முதல் திறப்புக்குக் காத்திருக்கும் சிலை' என்று எழுதுங்கள். அப்போதுதான் அவர் மறுபடியும் படத்தைப் பார்ப்பார். படம் ஒன்றே, அடியிலுள்ள வரிதான் மாறியது.

எடுத்தவர் உரிமையைப் பற்றியும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன், காமிராவுடன் திரியும் மாணவர் நம்மிடையே பலர் இருப்பதால். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நாளேட்டில் சம்பளத்துக்குப் பணிபுரிபவர் எடுத்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை நாளேட்டு உரிமையாளருக்கு. வேறு உடன்படிக்கை இல்லாதவரை, பிற உரிமைகள் எடுத்தவருக்கே. முன்பு படம் வெளியான பின் அறுபது ஆண்டுகள் இருந்த உரிமை, 2012இல் வந்த திருத்தத்தால் எடுத்தவர் வாழ்நாளும் அதன்மேல் அறுபது ஆண்டுகளும் என நீண்டது. படத்தில் இருப்பவருக்கு அச்சட்டம் இத்தகைய உரிமை எதுவும் தரவில்லை.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். இங்கே ஒரு வீட்டின் கூடத்தில், சட்டமிட்ட செய்தித்தாள் துண்டு ஒன்று தொங்குகிறது. கறுப்பு வெள்ளைப் படம். வாக்களிக்க வரிசையில் நிற்கும் பெண்கள் எழுவர். படக்குறிப்பு 'வரிசையில் நிற்கும் பொதுமக்கள்' என்பதோடு முடிகிறது. தேதியும் இதழின் பெயரும் கத்தரியில் போய்விட்டன. வீட்டுக்கார அம்மாவைக் கேட்டால், "அது எந்த எலெக்ஷனோ தம்பி, வெயில் மட்டும் ஞாபகம் இருக்குது" என்கிறார்.

நாம் வகுப்பில் கல்வெட்டைப் படிப்பதுபோல் இப்படத்தைப் படித்துப் பார்த்தேன். பெண்கள் சிலர் கையில் வாக்காளர் அடையாள அட்டை இருக்கிறது. அவ்வட்டை 1993இல் டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது வந்தது. ஆகவே படம் அதற்கு முந்தியதன்று. தெருக்கோடியில் பழைய சென்னைச் சாலை தெரிகிறது. அதன்மேல் வானம் திறந்து கிடக்கிறது. 2011 அக்டோபரில் அவ்வழியே ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் தூண் ஒன்றுகூட இல்லை. ஆகவே தூண்கள் எழுமுன் எடுத்த படம். இரண்டாவதாக நிற்பவர் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அக்குழந்தை யார் என்று தெரு முழுதும் அறியும். 2003இல் பிறந்தவர், இன்று கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். ஆகவே இது, நாடாளுமன்றத்துக்கும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கும் ஒருசேர வாக்கெடுப்பு நடந்த 2004 ஏப்ரல். வெயில் நினைவிலிருப்பதில் வியப்பில்லை.

மூன்று மாலைப்பொழுதுகள் வீடுவீடாகச் சென்றேன். எழுவருள் ஐவர் பெயர் கிடைத்தது. இருவர் இன்று இல்லை. அவர்கள் மக்களிடம் துண்டின் நகலைக் கொடுத்தபோது, தங்கள் தாயின் படம் வேறொன்றும் வீட்டில் இல்லை என்று சொன்னார் ஒருவர். ஆறாமவர் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டார் என்கிறார்கள். ஏழாமவர் முகத்தை முன்னால் நிற்பவரின் முந்தானை மறைக்கிறது. கிடைத்தவற்றை ஒரு தாளில் பென்சிலால் எழுதிச் சட்டத்தின் பின்புறம் செருகியிருக்கிறேன்: ஆண்டு, மாதம், தெரு, ஐந்து பெயர். அதன் அடியில் 'படம் எடுத்தவர்' என்று எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறேன்.