காய்ச்சல் அடிக்காத ஃப்ளூ: வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கீமோ வார்டிலோ டயாலிசிஸ் யூனிட்டிலோ முதியோர் பிரிவிலோ புதிதாக ட்யூட்டியில் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் ஃப்ளூவைப் பற்றிப் படித்ததை ஒருமுறை தள்ளிவைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கும். திடீர்க் காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், ஒரு வாரத்தில் குணம் என்பது பாடப்புத்தக ஃப்ளூ. எதிர்ப்பு சக்தி ஒழுங்காக வேலை செய்யும் ஆளுக்குத்தான் அது பொருந்தும். உங்கள் வார்டில் படுத்திருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

காய்ச்சலைக் கொண்டுவருவது நம் உடம்பேதான். வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களில் புகுந்ததும், அந்தச் செல்களும் வெள்ளை அணுக்களும் இன்டர்ஃபெரான் முதலான ரசாயனங்களைச் சுரக்கின்றன. குளிர் நடுக்கம், மூட்டு வலி, 102 டிகிரி எல்லாம் அவற்றின் வேலை. சிறுநீரக மாற்று அறுவை செய்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருப்பவர், எண்பதைத் தாண்டிய முதியவர் ஆகியோரிடம் இந்தச் சுரப்பு மந்தமாக இருக்கும். காய்ச்சல் லேசாக வரலாம், வராமலும் போகலாம். வலிக்காக ஆறு மணி நேரத்துக்கு ஒரு பாராசிட்டமால் போகிறவரின் டெம்பரேச்சர் சார்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த பாட்டி இன்று காலை மகளையே அடையாளம் தெரியாமல் விழிக்கிறார், சாப்பாட்டை ஒதுக்குகிறார், பாத்ரூம் போகும் வழியில் விழுகிறார், ஆக்சிஜன் அளவு காரணமில்லாமல் இரண்டு மூன்று புள்ளி இறங்குகிறது. முதியவர்களிடம் ஃப்ளூ இப்படியும் வரும். கூட இருக்கும் மகள் “நேத்துல இருந்து அம்மா சரியில்ல சிஸ்டர்” என்றால் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். மானிட்டருக்குத் தெரியாதது சில நேரம் மகளுக்குத் தெரியும்.

கார்டிஃபில் நடந்தது

2009, பன்றிக் காய்ச்சல் உலகைச் சுற்றிய ஆண்டு. வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் ரத்தநோய்ப் பிரிவில் 11 பேருக்கு எச்1என்1 உறுதியானது. வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்ததில் 10 பேருடைய வைரஸ் ஒரே கிளையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அந்தப் பத்தில் 8 பேரிடம் இருந்த வைரஸ் ஒசெல்டாமிவிருக்கு, அதாவது நாம் டாமிஃப்ளூ என்று சொல்லும் மருந்துக்கு, மசியவில்லை. அந்த எட்டுப் பேரில் 4 பேருக்கு, மருந்துக்கு மசியாத அந்த வைரஸே இன்னொருவரிடமிருந்து நேரடியாகத் தொற்றியிருந்தது. 2009 எச்1என்1 வைரஸ் இப்படி மருந்தை மீறி ஆளிலிருந்து ஆளுக்குத் தாவியது ஆய்வில் உறுதியானது அதுவே முதல் முறை.

ஏன் ரத்தநோய்ப் பிரிவில்? ஃப்ளூ வைரஸ் பெருகும்போது பிழையோடுதான் பெருகும். அதன் நியூராமினிடேஸ் புரதத்தில் 275-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால் போதும், ஒசெல்டாமிவிர் அங்கே சரியாகப் பிடிக்காது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவரிடம் அப்படி ஒன்றிரண்டு தோன்றினாலும், டி செல்களும் ஆன்டிபாடிகளும் எல்லா வைரஸையும் சேர்த்து ஒரு வாரத்துக்குள் துடைத்துவிடும். லிம்ஃபோசைட் வற்றிப்போன நோயாளிக்கு அந்த வசதி கிடையாது. மருந்து மற்ற வைரஸ்களை அடக்க அடக்க, அடங்காத ரகத்துக்கு இடம் கிடைக்கிறது. அது வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில்கூட, மூக்கு வழியாகவும் தொண்டை வழியாகவும் வெளியேறிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் லிம்ஃபோசைட் இல்லை. மேற்கொண்டு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே “அஞ்சு நாள் மாத்திரை முடிஞ்சது, தனி அறையைக் காலி பண்ணலாம்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். மருத்துவமனைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி இது: அறிகுறி தொடங்கி 7 நாள், அல்லது காய்ச்சலும் இருமலும் நின்று 24 மணி நேரம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை தனிமை. எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு அதற்கு மேலும் நீளும். மருந்தை மாற்றுவது டாக்டரின் முடிவு. கார்டிஃப் ஆய்வாளர்களே, லிம்ஃபோசைட் குறைந்த ரத்தநோயாளிகளுக்கு ஜனாமிவிரை முதல் மருந்தாகப் பரிசீலிக்கச் சொன்னார்கள். ஆனால் “இன்னும் இருமல் நிக்கல சார், ஸ்வாப் திரும்ப அனுப்பிப் பார்க்கலாமா?” என்று ரவுண்ட்ஸில் கேட்பது உங்கள் வேலை. கேட்டால் கோபப்படும் டாக்டர்கள் உண்டு. கேட்டதற்காக வேலை போனவர்கள் அபூர்வம்.

ஷிஃப்டுக்குள் செய்ய வேண்டியது

ஹேண்ட்ஓவரின்போது ரத்த அழுத்தம், சர்க்கரையோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “புதுசா யாருக்காவது இருமல், சளி இருக்கா?” மூன்று நாளுக்குள் அதே வார்டில் இரண்டாவது ஆளுக்கு இருந்தால் அதைத் தற்செயல் என்று விடாமல் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸுக்குச் சொல்லிவிடுங்கள். பலவீனமான நோயாளிக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால், பி.சி.ஆர். முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைப்பதில்லை. முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் முழுப் பலன். தாமதமானாலும் இவர்களுக்குக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஒசெல்டாமிவிரின் வழக்கமான அளவு 75 மி.கி. காலையும் இரவும். சிறுநீரகம் பழுதானவருக்கு இது குறையும் என்பதால் டயாலிசிஸ் யூனிட்டில் ஆர்டரை இரண்டுமுறை படியுங்கள்.

இருமுகிறவருக்கு மாஸ்க், அவரிடம் போகும் உங்களுக்கும் மாஸ்க், தனி அறை இல்லையென்றால் கட்டில்களுக்கு நடுவே குறைந்தது ஒரு மீட்டர். நெபுலைசர் வைக்கும்போதும் சக்‌ஷன் போடும்போதும் என்95 போட்டுக்கொண்டு, முடிந்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை நகர்த்திவிட்டுத் தொடங்குங்கள். இந்த வைரஸ் ஸ்டீலிலும் பிளாஸ்டிக்கிலும் ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். கையில் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம் என்பதுதான் சிக்கல். சோப்புக்கும் ஆல்கஹாலுக்கும் ஃப்ளூ சுலபமாகச் சாகும். பி.பி. கஃப், தெர்மாமீட்டர், கட்டிலின் பக்கக் கம்பி, உங்கள் கைபேசி ஆகியவற்றை இந்த வரிசையில் மறந்துபோகிறோம். கடைசியானதை எல்லோரும் மறக்கிறோம்.

உங்களுக்கே வந்தால்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1993-94 ஃப்ளூ பருவத்துக்குப் பிறகு 518 மருத்துவமனை ஊழியர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 23 சதவீதம் பேருக்கு அந்தப் பருவத்தில் ஃப்ளூ தொற்றியிருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு ஃப்ளூ வந்ததாகவே நினைவில்லை. நாலில் ஒருவருக்கு மேல் சளி பிடித்ததுகூட நினைவில்லை. இதோடு, அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலேயே வைரஸ் வெளிவரத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். “எனக்கு ஒண்ணும் இல்லையே” என்று நீங்கள் உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

இதற்கு நம் கையில் இருக்கும் ஒரே நல்ல வழி ஊசி. ரிட்டுக்ஸிமாப் ஏறிய நோயாளிக்கு ஆன்டிபாடியை உண்டாக்கும் பி செல்கள் மாதக்கணக்கில் இருக்காது. அவருக்குத் தடுப்பூசி போட்டாலும் உடம்பு அதைப் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. அவரைத் தொடுகிறவர்கள் போட்டுக்கொண்டால்தான் அவருக்குப் பாதுகாப்பு. செயலிழக்கச் செய்த வைரஸ் என்பதால் ஊசியால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், சிலருக்கு ஒருநாள் உடம்பு கதகதக்கும். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று புதிதாக அறிவிக்கிறது. அதனால் போன வருஷ ஊசி இந்த வருஷத்துக்கு ஆகாது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவும் ஏறும். அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

காய்ச்சலோடு ட்யூட்டிக்கு வருவதைக் கடமை உணர்ச்சி என்று பாராட்டும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. கீமோ வார்டில் அது வெறும் ஆபத்து. “சிஸ்டர், ராத்திரியில இருந்து காய்ச்சலும் இருமலும். இன்னிக்கு வார்டுக்கு வர்றது சரியில்ல, யாரையாவது மாத்திப் போடுங்க” என்று ஷிஃப்ட் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது இன்சார்ஜுக்குச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போட்டுவையுங்கள், பிறகு பேச்சு வராது. மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் திரும்பலாம். எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவு என்றால் 7 நாள் கழித்து, அல்லது இருமல் முழுக்க நின்ற பிறகு, எது பிந்தியதோ அப்போது.

சம்பளம் போகுமே என்பீர்கள். நியாயமான கவலைதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகி, சந்தாவும் உரிய நாட்களுக்குக் கட்டப்பட்டிருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழோடு ஊதியத்தில் 70 சதவீதம் கேட்டு வாங்கலாம்; ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் பொதுவாக முதல் 2 நாளுக்குக் கிடைக்காது. ஃப்ளூவில் ஆள் மிகுதியாகப் பரப்புவது அந்த முதல் நாட்களில்தான். அந்த இரண்டு நாள் சம்பளத்துக்குப் பயந்து ஒருவர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்துவிட்டால், குற்றம் அவர் மேல் மட்டும் இல்லை.

நர்சிங் சூப்பரின்டென்டென்ட்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த மழைக்காலத்து ரோஸ்டரைப் போடும்போது, கீமோ, டயாலிசிஸ், மாற்று அறுவைப் பிரிவுகளில் காய்ச்சலோடு வீட்டில் இருப்பவருக்கு முதல் இரண்டு நாள் சம்பளத்தையும் கொடுத்துவிடுங்கள், ஸ்டாஃப் நர்ஸுக்கு மட்டுமல்ல, தரை துடைப்பவருக்கும் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகிறவருக்கும் சேர்த்து.