நிற வேறுபாடு தனி இனமாகுமா?

காங்கேயம் மாடு வளர்க்கும் குடியானவரிடம் சென்று, மயிலைப் பசுவும் செவலைப் பசுவும் வெவ்வேறு இனமா என்று வினவினால் அவர் நகைப்பார். மயிலை, செவலை, பிள்ளை, காரி என நிறத்துக்கொரு பெயரிட்டு அழைத்தாலும், அனைத்தும் காங்கேயமே என்பது அவர் அறிந்த செய்தி. செந்நிறமாகப் பிறக்கும் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறம் அடைவதை அவர் தம் தொழுவத்திலேயே காண்கிறார். மாட்டில் இத்துணைத் தெளிவுடைய நாம், நாய் என்று வரும்பொழுது தடுமாறுகிறோம்.

நம் தென் மாவட்டங்களின் வேட்டை நாய்களாகிய சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றைப் பற்றி நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. மெலிந்த உடல், நீண்ட முகம், உயர்ந்த கால்கள், குட்டையான மயிர், மிகுந்த ஓட்டம் ஆகியவை இரண்டிற்கும் பொது. கரிய உடலும், கண்களுக்கு மேலும் கால்களிலும் பழுப்பு நிறமும் உடையதைக் கன்னி என்பர். செவலை, சாம்பல் முதலிய நிறத்தவற்றைச் சிப்பிப்பாறை என்பர். இவை இரண்டு இனங்கள் என்பார் சிலர்; ஓர் இனத்தின் இரு நிறங்களே என்பார் வேறு சிலர். இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. குட்டியின் விலையும், எதனோடு எதை இணைப்பது என்பதும், 'நிறம் தவறிப்' பிறந்த குட்டி பிழைப்பதும் இதனைப் பொறுத்தனவாகும்.

இனம் என்பது யாது?

உடலமைப்பு, உயரம், குணம், செயல்திறன் ஆகியவற்றில் ஒத்திருந்து, தம்முள் இணையும்பொழுது தலைமுறைதோறும் தம்மை ஒத்த குட்டிகளையே ஈனும் கூட்டம் இனம் எனப்படும். நிறம் இப்பண்புகளுள் ஒன்றேயன்றி முழுமையன்று. லாப்ரடார் நாயை எடுத்துக்கொள்வோம். அதில் கறுப்பு, பழுப்பு, மஞ்சள் ஆகிய மூன்று நிறக் குட்டிகளும் ஒரே ஈற்றில் பிறப்பதுண்டு. அவற்றை மூன்று இனமென்று எவரும் கூறுவதில்லை.

பெல்ஜிய நாட்டு மேய்ப்பு நாயின் செய்தி இன்னும் சிந்திக்கத்தக்கது. மயிரின் நிறமும் நீளமும் கொண்டு அதனை நான்கு வகையாகப் பிரிப்பர். பெல்ஜியத்தில் நான்கும் ஓரினமே. அமெரிக்க நாய்ச் சங்கமோ 1959-ஆம் ஆண்டில் அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பதியத் தொடங்கியது. நாய் மாறவில்லை, ஏடுதான் மாறியது.

நிறம் வரும் வழி

"கன்னிக்குக் கன்னியை இணைத்தால் கன்னியே பிறக்கிறது, ஆகவே அது தனி இனம்" என்பர். இவ்வாதம் வலிமை உடையது போலத் தோன்றும். ஆயினும் ஆராய்தல் வேண்டும்.

ஒவ்வொரு குட்டியும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரு நிறக்கூறுகளைப் பெறுகிறது. பொதுவாக நாய்களில் செவலைக்கூறு ஓங்கி நிற்பது. கறுப்பும் பழுப்புமான நிறத்தின் கூறு ஒடுங்கி நிற்பது. ஒடுங்கிய கூறு இரண்டும் சேர்ந்தால்தான் அந்நிறம் வெளிப்படும். ஆகவே அந்நிறமுடைய இரண்டை இணைத்தால் குட்டிகளும் அந்நிறமாகவே இருக்கும். அதே சமயம், ஒடுங்கிய கூற்றை மறைவாகக் கொண்ட இரு செவலை நாய்களை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி கறுப்பும் பழுப்புமாகப் பிறக்கும். நிறம் பிசகாமல் தொடர்வது ஒரு கூற்றின் இயல்பையே காட்டும். தனி இனம் என்பதற்கு அது மட்டும் சான்றாகாது.

நிறமே குறியானால் விளையும் கேடு

முதலாவது, இணைக்கத்தக்க நாய்களின் தொகை சுருங்கும். நெருங்கிய உறவுகளையே மீண்டும் மீண்டும் இணைக்க நேர்ந்து, நோயும் நலிவும் பெருகும். இரண்டாவது, நல்ல உடலும் ஓட்டமும் உடைய குட்டி, நிறத்தின் பொருட்டுக் கழிக்கப்படும். மூன்றாவதற்கு இராஜபாளையம் நாயே சான்று. தூய வெண்ணிறமே சிறப்பெனத் தேர்ந்தெடுத்ததன் பயனாக, அவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. நிறம் தரும் அணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை. அவை அங்கு இல்லையெனில் கேள்விப்புலன் கெடும். குட்டி வாங்குவோர், அது காணாதவாறு பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தல் நலம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

வழக்கைத் தீர்ப்பது பேச்சன்று, பதிவேடு. நாய் வளர்ப்போர் உள்ள ஊர்களில் ஒரு குறிப்பேடு வைத்து, ஈன்ற நாள், தாய், தந்தை, ஒவ்வொரு குட்டியின் நிறம், வளர்ந்தபின் உயரம், எடை ஆகியவற்றை எழுதிவரலாம். வேறு நாய் கலவாத செவலை இணையின் ஈற்றில் கன்னி நிறக் குட்டி பிறந்தால் அதனை மறையாது பதிதல் வேண்டும். நிறம் நீங்கலாக உயரத்திலும் அமைப்பிலும் குணத்திலும் இரண்டும் தொடர்ந்து வேறுபடுமாயின், தனி இனம் என்னும் கூற்றுக்கு வலிமை உண்டு. வேறுபடாவிடில் இல்லை.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிலையம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவு செய்துள்ளது. அத்தகைய பதிவுக்கு நிறம் மட்டும் போதாது. உடல் அளவுகளும், வாழும் பகுதியும், தொகையும் வேண்டும். அவ்விவரங்களைத் தரவல்லவர்கள் ஊரில் நாயோடு வாழும் குடியானவர்களே. காளையைத் தேர்கையில் திமிலையும் குளம்பையும் நடையையும் நோக்கும் கண், நாயைத் தேர்கையிலும் தோலின் நிறத்தோடு நின்றுவிடலாகாது.