சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக் கால்: வீட்டில் பாதுகாப்பாகப் பாவிப்போம்

சொந்த ஊருக்குத் திரும்பிய பல குடும்பங்களில் ஒருவராவது நடமாடுவதற்கு ஓர் உபகரணத்தின் உதவி தேவைப்படுபவராக இருக்கிறார். வைத்தியசாலையின் சீமெந்துத் தரையில் இலகுவாக ஓடிய சக்கர நாற்காலி உங்கள் வளவு மணலில் புதைகிறது. ஊன்றுகோல் கிணற்றடியில் வழுக்குகிறது. உபகரணம் அதேதான், இடம்தான் மாறியிருக்கிறது. ஆகவே அதைப் பாவிக்கும் முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசியுங்கள்.

முதலில்: அளவு சரியா?

உபகரணம் ஒருவரின் உடலுக்கென்று அளவெடுத்துக் கொடுக்கப்படுவது. அயலவர் தந்தது, இறந்துபோன உறவினர் பாவித்தது என்று கிடைப்பதை அப்படியே பாவிக்கத் தொடங்காதீர்கள்.

• சக்கர நாற்காலியில் இருக்கும்போது இடுப்புக்கும் பக்கப் பலகைக்கும் இடையே உள்ளங்கை நுழைய வேண்டும். பாதங்கள் தட்டில் முழுமையாகப் படிந்திருக்க வேண்டும், தொங்கக் கூடாது.

• கமக்கட்டில் வைக்கும் ஊன்றுகோலின் மேல்முனை, நிமிர்ந்து நிற்கும்போது கமக்கட்டிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே இருக்க வேண்டும். கைபிடி மணிக்கட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். உடற்பாரத்தைக் கைகளே தாங்க வேண்டும். கமக்கட்டில் தொங்கி நடந்தால் நரம்பு நசுங்கிக் கை விறைத்துப் போகலாம்.

உணர்வில்லாத இடத்தைக் கண்ணால் பாருங்கள்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே நோவு தெரியாமல் போகலாம். நோவு என்பது உடல் தரும் எச்சரிக்கை. அது இல்லாதபோது நாற்காலியின் ஓர் ஆணி குத்தினாலும், மெத்தை மடிந்து அழுத்தினாலும் அவருக்குத் தெரியாது. ஒரே இடத்தில் நீண்ட நேரம் அழுத்தம் இருந்தால் அங்கே இரத்தவோட்டம் நின்று தசை அழுகத் தொடங்கும். அதுதான் படுக்கைப் புண். சிறிய சிவப்புப் புள்ளியாகத் தொடங்குவது எலும்பு வரை இறங்கலாம். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிரே போகலாம். யுத்தத்தில் தப்பி வந்த ஒருவரை இப்படி இழக்க வேண்டியதில்லை, ஏனெனில் இதைப் பெரும்பாலும் தடுக்க முடியும்.

• நாற்காலியில் இருப்பவர் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது முன்னுக்கோ பக்கவாட்டிலோ நன்றாகச் சாய்ந்து, இரண்டு நிமிடங்களுக்குப் பிட்டத்தின் மீதான பாரத்தைக் குறைக்க வேண்டும். சொந்தமாகச் சாய முடியாதவருக்கு வீட்டார் உதவ வேண்டும்.

• படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள். இழுக்காமல் தூக்கித் திருப்புங்கள். இழுத்தால் தோல் உரியும்.

• காலையும் மாலையும் பிட்டம், நாரியின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பின் பக்கங்கள், குதிக்கால் ஆகியவற்றைப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து அவரே பார்த்துக்கொள்ளலாம். பிறர் பார்ப்பதற்குக் கூச்சப்படுபவருக்கு இது நல்ல வழி.

• சிவந்த அல்லது கறுத்த இடத்தை விரலால் அழுத்தி விடுங்கள். நிறம் வெளிறாமல் அப்படியே இருந்தால், அல்லது அந்த இடம் சூடாகவோ தடிப்பாகவோ இருந்தால், அதுவே முதல் அடையாளம். அது மாறும்வரை அந்தப் பக்கத்தில் பாரம் கொடுக்க வேண்டாம். அந்த இடத்தை உருவவோ தேய்க்கவோ வேண்டாம்.

• காற்றடித்த ரியூப்பின் மேல் இருத்துவது நல்லதென்று சிலர் நினைக்கிறார்கள். அது வளையத்தைச் சுற்றி அழுத்தி இரத்தவோட்டத்தைக் குறைக்கும். நாற்காலியுடன் தந்த மெத்தையையே பாவியுங்கள்.

• சூடான கஞ்சிப் பானையையோ தேநீரையோ மடியில் வைத்துக்கொண்டு செல்லாதீர்கள். அடுப்புக்குக் கிட்டக் கால் நீட்டி இருக்காதீர்கள். வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்பைக் கையால் தொட்டுப் பார்த்த பின்னரே ஏறுங்கள். தோல் பொசுங்கினாலும் தெரியாது.

சக்கர நாற்காலி

ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பிறேக்கையும் போடுங்கள். பாதத் தட்டின் மேல் ஏறி நிற்காதீர்கள், நாற்காலி முன்னுக்குப் புரளும். ரயரில் காற்றுக் குறைந்தால் பிறேக் பிடிக்காது. ஆகவே கிழமைக்கு ஒரு தடவை காற்றைப் பாருங்கள், தளர்ந்த நட்டுகளை இறுக்குங்கள். இந்த வேலைகளைச் சைக்கிள் திருத்துபவரே செய்து தருவார்.

மணலில் தள்ளும்போது முன்சக்கரங்களைச் சற்று உயர்த்தி, பின்பக்கமாக இழுத்துச் செல்லுங்கள். சரிவில் இறங்கும்போதும் நாற்காலியைப் பின்பக்கமாகவே இறக்குங்கள். வாசலில் சாய்தளம் கட்டுவதானால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கிடுங்கள். அரை அடிப் படிக்கு ஆறு அடி போதும். சக்கரம் விலகிப் போகாதபடி இரு ஓரத்திலும் சிறிய வரம்பு வையுங்கள்.

பாதை புதைகிறதென்று பற்றைக்குள்ளால் குறுக்கு வழி தேடாதீர்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். தண்ணீர்க் கலன், விறகு ஏற்றுவதற்கு நாற்காலியை எடுக்காதீர்கள். சட்டம் வளைந்தால் அவருடைய முதுகும் வளையும். தள்ளுவதற்கு முன்னர் அவரைக் கேளுங்கள். அந்த நாற்காலி அவருடைய கால்.

ஊன்றுகோல்

அடியிலுள்ள றப்பரைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். கிணற்றுக்கட்டு, மலசலகூடத் தரை போன்ற ஈரமான இடங்களில் சிறிய அடி வையுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில் போகட்டும். இறங்கும்போது ஊன்றுகோலும் பாதிக்கப்பட்ட காலும் முதலில் இறங்கட்டும்.

செயற்கைக் கால்

ஜெய்ப்பூர் கால் வெறுங்காலுடன் வயலில் நடப்பதற்கும் ஏற்றது. ஆனால் உள்ளே மணலும் ஈரமும் தங்கினால் தோல் புண்ணாகும். இரவில் கழற்றியதும் மீதிக் காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மெல்லிய துவாயால் ஒற்றி நன்றாக உலர விடுங்கள். காலின் உட்பக்கத்தையும் ஈரத் துணியால் துடையுங்கள். காலுறையைத் தினமும் துவைத்து, முழுதாகக் காய்ந்த பின்னரே அணியுங்கள். காலைக் கழற்றி அரை மணித்தியாலம் சென்றும் சிவப்பு மறையாவிட்டால் அளவு பிழைத்திருக்கிறது. அரத்தால் தேய்த்தோ துணி அடைத்தோ நீங்களே சரிசெய்ய முயலாமல் செய்து தந்த நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். வளரும் பிள்ளைக்குப் புதிய கால் அடிக்கடி தேவைப்படும். நொண்டுவது கூடினால், பிள்ளை சோம்பலில் அப்படி நடக்கிறதென்று கண்டிக்காதீர்கள். கால் கட்டையாகியிருக்கலாம்.

எப்போது வைத்தியசாலைக்கு?

தோல் உடைந்தால், நீர் வடிந்தால், மணம் வந்தால், காய்ச்சல் காய்ந்தால் அன்றைக்கே செல்லுங்கள். பச்சிலையோ சாம்பலோ போட்டுக் காத்திருக்காதீர்கள். உபகரணம் பழுதடைந்தால் அல்லது மாற்ற வேண்டியிருந்தால், உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். போக்குவரத்து வசதி இல்லையென்றால் கிராம அலுவலருக்கும் தெரிவியுங்கள்.

வீட்டில் கலந்துரையாடுங்கள்

1. எங்கள் வீட்டில் தோலைப் பார்க்கும் வேலை யாருடையது? அவர் இல்லாத நாளில் யார் பார்ப்பது?
2. வீட்டிலிருந்து கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் போகும் வழியில் ஆபத்தான இடம் எது? இந்தக் கிழமையே அதில் எதைத் திருத்தலாம்?
3. உபகரணம் பாவிப்பவர் எதைத் தானே செய்ய விரும்புகிறார்? அவரிடமே கேட்டோமா?

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் உபகரணம் பாவிப்பவரே. மற்றவர்கள் அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேளுங்கள்.