செவிலியர் ஏன் மீண்டும் மீண்டும் கேட்கிறார்?

அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நோயாளிக்குத் துணையிருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. காலையில் வந்த சிஸ்டர் கேட்டதையே மாலையில் வருபவரும் கேட்கிறார். இரவில் வருபவரோ எழுப்பியே கேட்கிறார். எல்லாம் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்க, மறுபடியும் எதற்கு? நியாயமான கேள்விதான்.

பெயரைக் கேட்பதன் காரணம் எளியது. ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் படுத்திருப்பது நம் ஊரில் அரிதன்று. “நீங்கள்தானே லட்சுமி?” என்றால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையசைப்பார். ஆகவே பெயரை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, கையிலுள்ள பட்டையுடன் ஒப்பிட்ட பின்னரே மருந்து கொடுக்கிறோம்.

மற்றக் கேள்விகள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதி 1859-60இல் வெளிவந்த ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ என்னும் சிறு நூலில், நோயாளியை உற்று நோக்குவது பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. இரவு நன்றாகக் கழிந்ததா என்று கேட்பதால் பயனில்லை என்கிறார் அவர். பத்து மணி நேரம் தூங்காவிட்டால் மோசமான இரவு என்பார் ஒருவர். இடையிடையே கண்ணயர்ந்தாலே போதும் என்பார் மற்றொருவர். எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த வேளையில் தூங்கினார் என்று கேட்டால்தான் பதிலில் பொருள் இருக்கும். இன்றைய வார்டுகளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. ஒன்றை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் முதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், எதைக் கேட்டாலும் “பரவாயில்லைம்மா” என்றே சொல்வார்கள். பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று பழகியவர்கள் அவர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மருத்துவமனையில் நான் பணிக்குப் புதியவளாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பித்தப்பையை வயிற்றைத் திறந்து அகற்றிய மூதாட்டி ஒருவர். அறுவைக்குப் பின் இரண்டாம் நாள். வலி இருக்கிறதா என்று கேட்டேன். “பரவாயில்லைம்மா” என்றார். வலி இல்லை என்று எழுதினேன். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் மூன்று வேளையும் 18 என்று குறித்தேன். உண்மையில் நான் எண்ணவில்லை. பார்வைக்கு அப்படித் தோன்றியது, முன்னவரும் அப்படியே எழுதியிருந்தார். நண்பகலில் அவருடைய மகள் என்னிடம் வந்து, அம்மா காலையிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டார், ஏதோ போல் இருக்கிறார் என்றார். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாலைப் பணிக்கு வந்த மூத்த செவிலியர் அந்த அம்மாவிடம் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “ஒருமுறை இருமுங்கள்” என்றார். அவர் வயிற்றை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு உதட்டை இறுக்கினாரே தவிர, இருமவில்லை. பிறகு மணிக்கட்டைப் பிடித்தபடி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். மூச்சு 28. உடனே மருத்துவரை அழைத்தார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடிப்பகுதியில் தொற்று தொடங்கியிருந்தது தெரிந்தது. அந்த அம்மா குணமடைந்தார். ஆனால் எதிர்பார்த்ததைவிடப் பல நாள்கள் கழித்தே வீடு திரும்பினார்.

என்ன நேர்ந்தது என்பதை விளக்குகிறேன். வயிற்றில் தையல் உள்ளவர் வலிக்கு அஞ்சி ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இருமவும் மாட்டார். சளி நுரையீரலின் அடியில் தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி வளரும். வலிக்கு மருந்து கொடுப்பது சுகத்துக்காக மட்டுமன்று, மூச்சுக்காகவும்தான். ஓய்விலிருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. உடல்நிலை சரியத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது இந்த எண்ணே. விரலில் மாட்டும் கருவி, பிராணவாயு செலுத்தப்படும்போது, நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் எவருக்கும் மூச்சின் போக்கு மாறிவிடும். அதனால்தான் நாடி பார்ப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறோம். அந்த ஒரு நிமிடம் எங்களுடனும் நோயாளியுடனும் பேசாதிருங்கள்.

அந்த மகள் சொன்னதில் நோய்க்குறி இருந்தது. அதைக் கேட்கும் பயிற்சி எனக்கில்லை. நோயாளியின் இயல்பு எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். “நேற்றுத் தாமே கழிவறைக்குப் போனார், இன்று உட்காரவும் மறுக்கிறார்”, “இரவு பத்து மணிக்குப் பிறகு என்னை அடையாளம் தெரியவில்லை” என்று, எப்போதிருந்து, எதில் மாற்றம் என்பதைச் சேர்த்துச் சொன்னால் அது அப்படியே மருத்துவரிடம் போய்ச் சேரும். முதல்முறை சொன்னது எடுபடவில்லையெனில் பொறுப்புச் செவிலியரைக் கேளுங்கள். அதை நாங்கள் குற்றமாகக் கொள்வதில்லை.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மார்ஃபின் போன்ற வலிநீக்கிகள் மூச்சைக் குறைக்கக்கூடியவை. இரண்டு நாள் வலியில் புரண்டவர் குறட்டை விட்டுத் தூங்கினால் எழுப்ப மனம் வராதுதான். எனினும், கூப்பிட்டால் கண் திறந்து, வாக்கியம் முடியுமுன் மீண்டும் தூங்கிவிடுகிறவரை உறக்கத்தில் இருக்கிறார் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். உடனே அழையுங்கள். நள்ளிரவில் நாங்கள் எழுப்பிப் பார்ப்பதும் இதற்காகவே.

வீடு திரும்பும் நாளில் கேள்வி தலைகீழாகிறது. “புரிந்ததா?” என்றால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை எடுத்தால் உடலில் ஏறுவது 25 யூனிட். சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். எனவே குப்பியையும் சிரிஞ்சையும் உங்கள் கையில் கொடுத்து, “இப்போது எனக்குச் செய்து காட்டுங்கள்” என்கிறோம். இது தேர்வன்று, நாங்கள் சரியாக விளக்கினோமா என்று பார்க்கும் வழி. வீட்டில் ஊசி போடப்போகிறவரே அந்த நேரத்தில் கட்டிலருகே இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர்தான் அப்போது கீழ்த்தளத்தில் பில் கட்டும் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்.