இளைப்பாறும் வேளையிலும் உழைக்கும் தசை



ஓடி முடித்து மூச்சிரைக்க நிற்கும் பிள்ளையிடம், "அதற்குள் களைத்துவிட்டாயா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். களைப்பு என்பது சோம்பலா? தசைநாரினுள்ளே நிகழ்வதை அறிந்தால் விடை கிடைக்கும்.

தசைநார் சுருங்குவதற்கு வேண்டிய சக்தியை ஏ.ரீ.பி. என்னும் மூலக்கூறு வழங்குகின்றது. தசையில் உள்ள அதன் இருப்பு, கடும் உழைப்பில் இரண்டு மூன்று விநாடிகளுக்கே போதுமானது. செலவாவதை உடனுக்குடன் ஈடுசெய்ய மூன்று வழிகள் உள.

1. கிரியேற்றின் பொசுபேற்று: யாழ்ப்பாணத்தவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். இத்தகைய பாய்ச்சலின் சில விநாடிகளுக்கு, ஏ.ரீ.பி.யை நொடியில் மீள ஆக்கித் தருவது இப்பொருளே. பத்து விநாடியளவில் இதன் இருப்பும் பெரிதும் குறைந்துவிடும்.

2. ஒட்சிசன் இன்றிக் குளுக்கோசை உடைத்தல்: நமது இர்விங்கின் அயல்நகரான டல்லாஸில் பிறந்த மைக்கேல் ஜோன்சன், 1999இல் 400 மீற்றரை 43.18 விநாடிகளில் ஓடி அந்நாளைய உலக சாதனையை நிலைநாட்டினார். இத்தகைய ஓட்டத்தில் இவ்வழியின் பங்கு பெரிது. இது விரைவானது, ஆயினும் தசையில் அமிலத்தன்மை மிகுவதால் இறுதியில் கால்கள் கனக்கின்றன.

3. ஒட்சிசனுடன் மாப்பொருளையும் கொழுப்பையும் எரித்தல்: இது மெதுவானது, ஆனால் நெடுநேரம் நிலைப்பது. வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இரு திசையிலும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தமை இவ்வழியின் வலிமைக்குச் சான்று.

ஓட்டம் நின்ற பின்னும் மூச்சு வாங்குவது ஏன்? அதுவே மீட்புப் பணி. கிரியேற்றின் பொசுபேற்று அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதியளவும், மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் பெரும்பகுதியும் மீள்கின்றது. உழைப்பில் உண்டாகும் இலற்றேற்று வெறும் கழிவன்று. இதயம் அதனை எரிபொருளாகக் கொள்கின்றது; ஈரல் அதனை மீண்டும் குளுக்கோசாக்குகின்றது. ஒரு மணி நேரமளவில் அது நீங்கிவிடுவதால் மறுநாள் நோவுக்கு அது காரணமன்று. பழக்கமற்ற உழைப்பால் நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவே காரணம். செலவான மாப்பொருள் இருப்பு நிரம்ப ஒரு நாளளவு செல்லும். சோறும் இடியப்பமும் அதற்கு உதவும்.

ஆகவே மாணவர்களே, முயன்று ஓடுங்கள், முறையாக இளைப்பாறுங்கள். பெற்றோர்களே, மூச்சு வாங்கும் பிள்ளைக்குச் சிறிது நேரம் கொடுங்கள். அவ்வேளையிலும் அதன் தசை உழைத்துக்கொண்டே இருக்கின்றது.

சிந்திக்க: 100 மீற்றர் ஓடியவர் அடுத்த ஓட்டத்துக்கு முன் எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தல் நன்று? ஏன்?