தனி ஐபி வாங்கணுமா, ஷேர்டு ஐபி போதுமா?

டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு வெப்சைட் போடப் போறீங்க. ஹோஸ்டிங் வாங்கும்போது கடைசியில் ஒரு கேள்வி வரும்: டெடிகேட்டட் ஐபி வேண்டுமா? அதுக்குத் தனிக் காசு. டிக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஷேர்டு ஐபி என்பது ஹாஸ்டல் முகவரி மாதிரி. எல்லாருக்கும் ஒரே முகவரி. ரூம் நம்பரைப் பார்த்து வாட்ச்மேன் லெட்டரைச் சேர்த்துடுவார். வெப்பில் அந்த ரூம் நம்பர்தான் 'ஹோஸ்ட் ஹெடர்'. பிரவுசர் அனுப்பும் ரிக்வெஸ்ட்டில் தளத்தின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து சர்வர் சரியான பக்கத்தைத் தரும். ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஓடுவது இப்படித்தான்.

அப்புறம் ஏன் 'எஸ்எஸ்எல் போடணும்னா தனி ஐபி வேணும்'னு சொல்றாங்க? ஒரு காலத்தில் அது உண்மை. ஹெச்டிடிபிஎஸ்ஸில் லெட்டர் ஒட்டின கவருக்குள்ளே இருக்கு, ரூம் நம்பரும் உள்ளேயே. எந்தத் தளத்தின் சான்றிதழைக் காட்டணும்னு சர்வருக்குத் தெரியாது. 2003-இல் வந்த எஸ்என்ஐ, அந்த நம்பரைக் கவருக்கு வெளியே எழுத வைத்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இது புரியாததால் பழைய பேச்சு ரொம்ப நாள் நீடித்தது. இன்றைய பிரவுசர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சரி, காசு ஏன்? ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. பிரித்துக் கொடுக்க உலக அளவில் இருந்த இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துடுச்சு.

ஷேர்டில் ஆபத்தே இல்லையா? இருக்கு. பக்கத்து ரூம்காரன் செய்த தப்புக்கு ஹாஸ்டலையே பூட்டுவாங்க. 2018-இல் டெலிகிராமைத் தடுக்க ரஷ்யா லட்சக்கணக்கான கிளவுட் ஐபிகளை மொத்தமாக முடக்கியது. சம்பந்தமே இல்லாத தளங்களும் சேர்ந்து விழுந்தன. மெயிலிலும் இதே கதை: ஒருத்தர் ஸ்பாம் அனுப்பினால், அந்த ஐபியிலிருந்து போகும் உங்க மெயிலும் ஸ்பாமில் விழலாம்.

ஆக, இரண்டே சூழ்நிலையில் தனி ஐபி யோசிங்க:

1. உங்க சர்வரே தினமும் நிறைய மெயில் அனுப்பும்போது. கொஞ்சம்தான் அனுப்புவீங்கன்னா வேண்டாம். புது ஐபிக்கு நல்ல பேர் வர தொடர்ந்து அனுப்பணும்.

2. 'குறிப்பிட்ட ஐபியிலிருந்து வந்தால்தான் அனுமதிப்போம்'னு எதிர்முனையில் இருக்கும் ஏபிஐ கேட்கும்போது. அந்த ஐபி வெளியே போகும் இணைப்புக்கும் பொருந்துமான்னு ஹோஸ்டிங்காரரிடம் முதலில் கேளுங்க.

விபிஎஸ் எடுத்தால் பெரும்பாலும் தனி ஐபி கூடவே வரும். சிம்போசியம் தளத்துக்கு? ஷேர்டே தாராளம். மிச்சக் காசை பேக்கப்புக்குப் போடுங்க.