நாற்பது காசும் ஐம்பது காசும்

அந்தக் காலத்துப் பெண்கள் வீட்டோடு இருந்தார்கள், இப்போதுதான் வேலைக்குப் போகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் விடியுமுன் எழுந்து சமைத்தார்கள்; கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டார்கள்; பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, ஆண்களைப் போலவே பால்மரம் சீவினார்கள். கூலிதான் ஒன்றாக இல்லை. 1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட நாட்கூலிப்படி, பல மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சீவுவது யார் என்று பார்த்தா மரம் பால் வடிக்கிறது? பெண்ணின் சம்பாத்தியம் குடும்பத்துக்குக் கூடுதல் வரவுதானே என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது.

1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையை அமைத்தார். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த இலட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். தோட்டத்துப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். சேலை உடுத்திப் பழகியவர்கள் காற்சட்டை அணிந்து, துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றனர். வயதுக்கு வந்த பெண் தனியே வெளியூர் போவதையே விரும்பாத வீடுகள் அன்று பல. அத்தகைய வீடுகளிலிருந்து மகள்கள் படைமுகாமுக்குச் சென்றது சிறிய மாற்றமன்று.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி, போஸின் உரையைக் கேட்டுத் தாம் அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். திருமணத்திற்காகச் சேர்க்கப்படும் நகையைப் பெண் தன் விருப்பப்படி கொடுத்தது அன்று வியப்புக்குரிய செயல். ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட அவர், பிற்காலத்தில் மலேசிய மேலவை உறுப்பினரானார்.

ஈப்போவைச் சேர்ந்த ராசம்மா, 16 வயதில் தம் அக்காளுடன் அப்படையில் சேர்ந்தார். போருக்குப் பின் படித்து ஆசிரியரானார். பள்ளியிலும் அதே பழைய கணக்கு அவரை எதிர்கொண்டது. ஒரே தகுதி, ஒரே வேலை; ஆனால் ஆசிரியைக்குச் சம்பளம் குறைவு. அதுமட்டுமன்று, மணமான ஆசிரியைகள் நிரந்தரப் பணியில் இருக்க முடியாத நிலையும் இருந்தது. 1960இல் ராசம்மா பூபாலன் பெண் ஆசிரியர்களுக்கான தொழிற்சங்கத்தைத் தொடங்கி, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார்.  மலாய், சீன, இந்திய ஆசிரியைகள் இணைந்து எழுப்பிய அக்கோரிக்கையை அரசு பின்னர் படிப்படியாக ஏற்றுக்கொண்டது.